பழுப்புக் கடற்பாசி மருந்தாகுமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பழுப்புக் கடற்பாசி. பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் வாழும் நமக்கும் கடலில் விளையும் பாசிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. சம்பள நாளை ஒட்டி வீடு தேடி வரும் விற்பனையாளர்களின் பைகளில் இன்று கடற்பாசிச் சாறு, கடற்பாசி மாத்திரை, கடற்பாசித் தூள் என்று பலவகைப் போத்தல்கள் இருக்கின்றன. கைத்தொலைபேசியைத் திறந்தாலும் அதே விளம்பரம். "இனிப்புநீர் இறங்கிவிடும், கட்டி கரைந்துவிடும், இரத்தம் சுத்தமாகிவிடும். இயற்கைப் பொருள்தானே, ஒரு தீங்கும் வராது" என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு போத்தலின் விலை ஒருவருடைய பல நாள் கூலியை விழுங்கிவிடும்.

இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு? கடற்பாசியில் மருந்து இருக்கிறதா? இருந்தால் அது எந்த நோய்க்கு? அதைச் சாப்பிடுவதால் யாருக்குத் தீங்கு வரும்? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கடற்பாசி என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். கடலில் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளரும் பாசிகளை அவற்றின் நிறத்தை வைத்துப் பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள். பண்டிகை நாள்களில் நம் வீட்டில் காய்ச்சி, தட்டில் ஊற்றி, ஆறவைத்து, துண்டு போடுகிறோமே அகர் அகர், அது சிவப்புப் பாசியிலிருந்து கிடைப்பது. சபா மாநிலத்தில் செம்பூர்ணா கடற்பகுதியில் கயிற்றில் கட்டி வளர்க்கப்படும் பாசியும் சிவப்பு இனமே. ஆகவே அகர் அகர் சாப்பிட்டுப் பழகிய நாம், எல்லாக் கடற்பாசியும் அதைப் போன்றதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. இன்று நாம் பேசுவது பழுப்பு இனத்தைப் பற்றி.

போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனவர்கள் பழுப்புப் பாசியைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது அவர்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவருவதும் அதைத்தான். கிளைகிளையாக இருக்கும். கிளைகளின் இடையில் மிளகைப் போலச் சிறுசிறு உருண்டைகள் இருக்கும். அவற்றை நசுக்கினால் பட்டென்று வெடிக்கும். அந்த உருண்டைகளில் காற்று இருக்கிறது. வெயில் கிடைக்கும்படி பாசியை நிமிர்த்தி, நீரில் மிதக்கவைப்பது அந்தக் காற்றுப் பைகளின் வேலை. இந்தப் பாசிக்குச் சர்காசம் என்று பெயர். சீனக் கடைகளில் கறுத்த தோல் பட்டையைப் போல மடித்து வைத்திருக்கும் 'ஹாய் டாய்', ஜப்பானியர் சூப்புக்குப் போடும் 'கொம்பு', 'வக்காமே' ஆகியவையும் பழுப்புப் பாசிகளே. குளிர்ந்த கடல்களில் வளரும் சில பழுப்புப் பாசிகள் தென்னை மரத்தையும் மிஞ்சிய நீளம் உடையவை.

நிலத்துச் செடிக்கு வேர் இருக்கிறது. அது மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. கடற்பாசிக்கு அப்படிப்பட்ட வேர் இல்லை. பாறையைப் பிடித்துக்கொள்ளும் பிடிப்பு மட்டுமே அதற்கு உண்டு. தன் உடல் முழுவதாலும் அது கடல்நீரிலிருந்து சத்துகளை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. கடல்நீரில் மிக மிகக் குறைவாக இருக்கும் பொருள்கூடப் பாசியின் உடலில் பல ஆயிரம் மடங்கு செறிந்துவிடும். நல்ல பொருளும் சேரும். நச்சுப் பொருளும் சேரும். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்புப் பாசியின் நன்மை தீமை இரண்டும் இதிலிருந்தே வருகின்றன.

சரி, பழுப்புப் பாசியிலிருந்து மருத்துவ உலகத்துக்கு உண்மையாகவே ஏதாவது கிடைத்திருக்கிறதா? கிடைத்திருக்கிறது. முதலாவது, அயோடின்.

1811ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் பெர்னார் கூர்த்துவா என்பவர் வெடியுப்புத் தயாரித்துக்கொண்டிருந்தார். அதற்காகக் கடற்பாசியை எரித்த சாம்பலை அவர் பயன்படுத்தினார். சாம்பலிலிருந்து வந்த கழிவோடு கந்தக அமிலத்தை அளவுக்கு அதிகமாகச் சேர்த்தபோது ஊதா நிறப் புகை எழுந்தது. அந்தப் புகை குளிர்ந்த இடத்தில் பட்டுப் பளபளப்பான கரிய படிகங்களாக உறைந்தது. அதுவரை யாரும் அறியாத அந்தத் தனிமத்துக்கு, ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அயோடின் என்ற பெயர் வந்தது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் மலைநாடுகளில் கழுத்தில் பெரிய கழலை தொங்கும் மனிதர்கள் ஏராளம். கடற்பஞ்சை எரித்த சாம்பல் கழலைக்கு நல்லது என்ற கைவைத்தியம் அங்கே வழக்கத்தில் இருந்தது. சீன மருத்துவர்களும் பல நூற்றாண்டுகளாகக் கழலைக்குக் கடற்பாசியைக் கொடுத்துவந்தார்கள். 1820ஆம் ஆண்டு ஜெனீவா நகர மருத்துவர் ஜான் பிரான்சுவா குவாந்தே, அந்தச் சாம்பலில் வேலை செய்யும் பொருள் அயோடினாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, நோயாளிகளுக்கு அதையே கொடுத்துப் பார்த்தார். பலருக்குக் கழலை சுருங்கியது. ஆனால் சிலருக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, உடல் மெலிந்தது. மருந்து சரியானதுதான். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அன்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று அந்த அளவு தெரியும். நம் கழுத்தின் முன்பக்கத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்ததுபோல் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. உடலின் வேகத்தை நடத்துவது அதன் சுரப்பு நீர். அந்த நீரைச் செய்ய அயோடின் வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 250 மைக்ரோகிராம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழும் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்தே நான்கு கிராம் அயோடின் போதும். இவ்வளவு சிறிய அளவு கிடைக்காமல்தான் நம் நாட்டில் சரவாக் உட்பகுதி மக்கள் பல தலைமுறைகளாகக் கழலையால் துன்புற்றார்கள். அதற்குத் தீர்வாக வந்தது அயோடின் கலந்த உப்பு. உப்புப் பொட்டலத்தில் 'காரம் பெரியோடின்' என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான்.

பழுப்புப் பாசி தந்த இரண்டாவது பொருள் ஆல்ஜினேட்டு. 1881ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வேதியியலார் பழுப்புப் பாசியிலிருந்து வழவழப்பான ஒரு பசைப் பொருளைப் பிரித்தெடுத்தார். இந்தப் பொருள் ரப்பர்த் தொழிலுக்கு அந்நியமானது அன்று. மரத்துப் பாலைக் கெட்டியாக்குவதற்கு அதில் அம்மோனியம் ஆல்ஜினேட்டைக் கலந்து வைப்பார்கள். சில நாளில் கெட்டிப் பால் மேலே ஏடுபோல் மிதக்கும். நீர்த்த பகுதி கீழே தங்கும். இதே வேலைக்குப் புளியங்கொட்டை மாவையும் பயன்படுத்தியதுண்டு.

தமிழ்நாட்டில் மண்டபம், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். அவர்கள் எடுத்துவரும் சர்காசமும் ஆல்ஜினேட்டுத் தயாரிக்கவே ஆலைகளுக்குப் போகிறது.

மருத்துவத்தில் ஆல்ஜினேட்டு செய்யும் வேலை என்ன? நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளை நிறக் கெட்டி மருந்துகள் சிலவற்றில் சோடியம் ஆல்ஜினேட்டு இருக்கிறது. அது வயிற்றில் உள்ள புளிப்பு நீரைச் சந்தித்ததும் கூழாகிறது. மருந்தில் கலந்துள்ள சோடாவிலிருந்து வரும் காற்றுக் குமிழிகள் அந்தக் கூழைத் தூக்கிப் பிடிக்கின்றன. வயிற்றுக்குள் ஒரு தெப்பம் மிதப்பதுபோல் அது மேலே நின்று, புளிப்பு நீர் நெஞ்சுக்கு ஏறாமல் மறிக்கிறது. மருத்துவமனைகளில் நீர் வடியும் புண்களுக்கு ஆல்ஜினேட்டு இழைகளால் ஆன கட்டுத் துணியை வைக்கிறார்கள். புண்ணின் நீரை அது உறிஞ்சிக் கூழாகி, புண் காய்ந்து வறண்டுபோகாமல் காக்கிறது. கட்டை மாற்றும்போது புண்ணோடு ஒட்டிக்கொண்டு வலி கொடுப்பதும் குறைவு. பல் மருத்துவர் பற்களை அச்செடுக்க வாயில் வைக்கும் களிமண் போன்ற பொருளும் ஆல்ஜினேட்டே.

இந்த இரண்டு உதாரணங்களிலும் பொதுவான ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். பாசியை அப்படியே அரைத்து யாரும் மருந்து என்று கொடுக்கவில்லை. அதில் வேலை செய்யும் பொருள் எது என்று கண்டுபிடித்தார்கள். அதைத் தனியாகப் பிரித்தார்கள். எந்த நோய்க்கு, யாருக்கு, எவ்வளவு என்று அளந்தார்கள். அதன் பிறகே அது மருந்தாயிற்று.

இனி, விற்பனையாளர் கொண்டுவரும் போத்தலுக்கு வருவோம். அதன்மேல் பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். ஃபூக்கோய்டான் என்பது ஒன்று. 1913ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் ஹரால்டு கிலின் பழுப்புப் பாசியின் வழவழப்பிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. ஃபூக்கோசாந்தின் என்பது இன்னொன்று. பாசிக்குப் பழுப்பு நிறத்தைக் கொடுப்பது அதுவே. மூன்றாவது, ஃபுளோரோட்டானின். தேயிலையில் துவர்ப்பு இருக்கிறதல்லவா? அதைப் போலப் பாசியில் உள்ள துவர்ப்புப் பொருள் அது.

இவை வெறும் பெயர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆய்வுக்கூடங்களில் இவற்றைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஃபூக்கோய்டான் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட புற்றணுக்கள் சிலவற்றை அழித்திருக்கிறது. இரத்தம் உறைவதையும் அது தடுக்கிறது. ஃபுளோரோட்டானின், மாவுச் சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் செரிமானப் பொருள்களின் வேகத்தைக் குறைக்கிறது. ஃபூக்கோசாந்தின் கொடுக்கப்பட்ட எலிகளின் உடலில் கொழுப்புக் குறைந்திருக்கிறது. விளம்பரக்காரர்கள் எடுத்துக்காட்டும் 'விஞ்ஞான ஆதாரம்' பெரும்பாலும் இவைதான்.

ஆனால் மருந்து என்பது மூன்று படிகளைக் கடந்து வர வேண்டும். முதற்படி கண்ணாடித் தட்டு. இரண்டாம் படி எலி முதலிய பிராணிகள். மூன்றாம் படி மனிதர்கள். கண்ணாடித் தட்டில் புற்றணுவைக் கொல்வது பெரிய காரியம் இல்லை. சவர்க்கார நீரை ஊற்றினாலும் அது செத்துப்போகும். அந்தப் பொருளை வாயால் உண்டால், அது வயிற்றில் செரித்து உருமாறாமல், இரத்தத்தில் சேர்ந்து, நல்ல அணுக்களை விட்டுவிட்டு, கெட்ட அணுக்களைத் தேடிச் சென்று அழிக்குமா என்பதே கேள்வி. அதைக் கண்டறிய, நூற்றுக்கணக்கான நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு மருந்துபோல் தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுத்து, நீண்ட நாள் கவனிக்க வேண்டும்.

பழுப்புப் பாசிச் சாறுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு படிகளிலேயே நிற்கின்றன. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஃபூக்கோய்டான் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. இனிப்புநீர் மாத்திரைக்கும் ஊசிக்கும் பதிலாகப் பாசிச் சாறு போதும் என்று காட்டிய சோதனையும் இல்லை.

மூன்றாம் படி எவ்வளவு கடினமானது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பழுப்புப் பாசியிலிருந்து செய்யப்பட்ட சோடியம் ஒலிகோமன்னேட்டு என்ற பொருளை, முதுமையில் வரும் மறதி நோயான அல்சைமருக்கு மருந்தாகச் சீன அரசாங்கம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் நிபந்தனையுடன் அனுமதித்தது. 800க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனையை வைத்து அந்த அனுமதி வழங்கப்பட்டது. அது போதாது என்று பிற நாட்டு அறிஞர்கள் பலர் ஐயம் தெரிவித்தார்கள். பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடத்தத் தொடங்கிய பெரிய சோதனை 2022ஆம் ஆண்டு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இத்தனை பணமும் ஆள்பலமும் கொண்டு செய்த முயற்சியே இந்த நிலையில் நிற்கிறது என்றால், வாசலில் வந்து நிற்பவரின் வாய்ச்சொல்லை எந்த அளவு நம்பலாம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"சரி ஐயா, நன்மை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். தீங்கு இல்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த இடத்தில்தான் நாம் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

பழுப்புப் பாசி அயோடினைச் செறித்து வைத்துக்கொள்வது என்று பார்த்தோம். உலர்ந்த கொம்புப் பாசி ஒரு கிராமில் 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் இருப்பதுண்டு. பெரியவருக்கு ஒரு நாள் தேவையே 150தான். ஒரு நாளில் தாண்டக் கூடாத எல்லை என்று அமெரிக்காவில் 1,100 மைக்ரோகிராமையும், ஐரோப்பாவில் 600 மைக்ரோகிராமையும் வகுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கிராம் பாசி அந்த எல்லைகளைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, பாசியின் இனம், வளர்ந்த கடல், அறுத்த பருவம், காய்ச்சிய முறை ஆகியவற்றுக்கு ஏற்ப இந்த அளவு மிகவும் மாறுபடும். கொதிக்கவைத்தால் அயோடினின் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அயோடினும் போகும். சூப்பாகக் குடித்தால் அத்தனையும் வயிற்றுக்குள் போகும்.

அதிகமானால் என்ன ஆகும்? ரப்பர் பால் வேலை தெரிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். பால் உறைய ஃபார்மிக் அமிலம் ஊற்றுகிறோம். குறைந்தால் பால் சரியாக உறையாது. "இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் நன்றாக உறையுமே" என்று அளவில்லாமல் ஊற்றினால் ஷீட்டு கெட்டுவிடும். தைராய்டு சுரப்பியும் அப்படித்தான். அயோடின் வெள்ளம்போல் வந்தால் அது தன் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்கிறது. பலருக்குச் சில நாளில் மறுபடியும் தொடங்கிவிடும். சிலருக்குத் தொடங்காது. உடல் சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மந்தம் ஆகியவை வரும். வேறு சிலருக்கு, முக்கியமாக முன்பே கழுத்தில் கட்டி உள்ளவர்களுக்கு, சுரப்பி கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். நெஞ்சு படபடக்கும்; கை நடுங்கும்; வியர்க்கும்; உடல் மெலியும். ஜெனீவாவில் 1820இல் கண்ட அதே அறிகுறிகள்!

இது புத்தகத்தில் மட்டும் உள்ள பயம் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கொம்புப் பாசிச் சாறு சேர்த்த ஒரு சோயாப் பால் விற்கப்பட்டு வந்தது. சத்தான பானம் என்று நம்பிப் பலர் அதைத் தினமும் குடித்தார்கள். அவர்களில் பலருக்குத் தைராய்டு கெட்டது. அதைக் குடித்துவந்த ஒரு தாயின் பச்சிளங்குழந்தையும் பாதிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு அந்தப் பால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு 2014ஆம் ஆண்டு 2 கோடியே 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

தாய்மார்களே, இங்கே உங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெற்ற தாய்க்கு நாம் பத்தியச் சாப்பாடு கொடுப்பதுபோல், கொரியா நாட்டில் வக்காமே இனப் பாசியில் சூப்புக் காய்ச்சிப் பல நாள் கொடுப்பது வழக்கம். அந்த நாட்டுத் தாய்மார் பலரின் தாய்ப்பாலில் அயோடின் மிக அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களின் சுரப்பி வெள்ளத்தைச் சமாளித்துக்கொள்ளும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் பிறந்த குழந்தைக்கும் அந்தத் திறமை இன்னும் முதிர்ந்திருக்காது. குழந்தையின் மூளை வளர்வதற்குத் தைராய்டு நீர் இன்றியமையாதது. ஆகவே கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் "பிள்ளைக்குச் சத்து" என்ற பேச்சை நம்பிப் பழுப்புப் பாசி மாத்திரைகளைத் தொடவே கூடாது. அவர்களுக்குக் கூடுதல் அயோடின் தேவையா, எவ்வளவு தேவை என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆபத்து ஆர்செனிக் என்னும் பாஷாணம். ஒரு காலத்தில் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்கச் சோடியம் ஆர்செனைட்டு தெளித்ததை முதியவர்கள் அறிவார்கள். ஆர்செனிக் எவ்வளவு கொடியது என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடற்பாசிகளில் உள்ள ஆர்செனிக்கின் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவத்தில் இருக்கிறது. ஆனால் ஹிஜிக்கி என்ற பழுப்புப் பாசியில் நச்சு வடிவம் மிகுதி. அதனால் 2001ஆம் ஆண்டு கனடாவும், 2004ஆம் ஆண்டு பிரிட்டனும் ஹிஜிக்கியைச் சாப்பிட வேண்டாம் என்று தங்கள் மக்களை எச்சரித்தன. இந்த ஹிஜிக்கி சர்காசம் இனத்தைச் சேர்ந்தது. போர்ட்டிக்சன் கரையில் ஒதுங்கும் பாசிக்கு உறவு. ஆகையால் கரையில் கிடைத்த பாசியை அள்ளி வந்து, காயவைத்து, கஷாயம் போட்டுக் குடிப்பது ஆபத்தான காரியம்.

மூன்றாவது, மற்ற மருந்துகளோடு வரும் மோதல். ஃபூக்கோய்டான் இரத்தம் உறைவதைத் தடுக்கும் என்று சொன்னேன். இருதய நோய்க்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவருக்கும் இதே ஆபத்து உண்டு. தைராய்டு மருந்து சாப்பிடுகிறவருக்குப் பாசியின் அயோடின் மருந்தின் கணக்கையே குழப்பிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பாசியில் மிகுந்துள்ள பொட்டாசியம் தீங்கு செய்யும்.

இத்தனை இருந்தும் சில நாடுகளில் இதை விற்க அனுமதித்திருக்கிறார்களே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஐரோப்பாவில் சிலவகைப் பழுப்புப் பாசியின் ஃபூக்கோய்டானை உணவுப் பொருளாக, நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வரை அனுமதித்திருக்கிறார்கள். ஒருவகைப் பாசியின் ஃபுளோரோட்டானினைப் பெரியவர்களுக்கு 263 மில்லிகிராம் வரை அனுமதித்து, தைராய்டு நோய் உள்ளவர்களும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் சாப்பிடக் கூடாது என்று போத்தலில் அச்சிட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அந்த அனுமதியின் பொருள் என்ன? இன்ன பொருளை, இன்ன அளவுக்குள், இன்னார் சாப்பிட்டால் தீங்கு வராது என்பதே. நோயைக் குணப்படுத்தும் என்று அந்த அனுமதி எங்கும் சொல்லவில்லை. பாதுகாப்பு வேறு, பலன் வேறு.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மருந்தாகவோ சத்து மாத்திரையாகவோ விற்கும் பொருள் சுகாதார அமைச்சின் கீழ் பதிவு பெற வேண்டும். பதிவு பெற்றதன் அடையாளமாக 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளும், எட்டு எண்களும், இறுதியில் ஓர் எழுத்தும் பெட்டியின்மேல் இருக்கும். இறுதி எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய அல்லது இயற்கைப் பொருள். 'என்' என்றால் சத்துத் துணைப் பொருள். அந்த எண் உண்மையானதா என்று தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் பிள்ளைகளைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். எண் இருந்தால் அந்தப் பொருளின் தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். இனிப்புநீரைக் குணமாக்கும் என்பதற்கு அந்த எண் சாட்சி ஆகாது.

இன்னொரு சட்டமும் உண்டு. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் அது. இனிப்புநீர், புற்றுநோய், இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் முதலான 20 நோய்களைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கிறது. ஆகவே "புற்றுநோய்க்குக் கைகண்ட மருந்து" என்று ஒருவர் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், அந்தத் தாளே சட்டத்தை மீறியது. சட்டத்தை மீறி விற்கிறவர் நம் உடம்பைப் பற்றி மட்டும் அக்கறை கொள்வாரா?

நேயர்களே, எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து போத்தலுக்குள் இல்லை. போத்தலை நம்பி, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் பெரிய ஆபத்து. இனிப்புநீர் ஏறினால் உடனே வலிக்காது. மாத்திரையை நிறுத்திய முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. "சாறு குடித்ததிலிருந்து உடம்பு லேசாக இருக்கிறது" என்றுகூடத் தோன்றும். உள்ளே கண்ணும், சிறுநீரகமும், பாதத்து நரம்பும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும். செம்பனைக் காட்டில் முள் குத்தியது தெரியாமல் போய், புண் அழுகி, காலை எடுக்க வேண்டிய நிலைக்கு வந்த குடும்பத் தலைவர்கள் எத்தனை பேர்! காலை இழந்தவர் கூலியை இழக்கிறார். கூலி போனால் பிள்ளையின் படிப்பும் போகிறது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் எங்களுக்கு அது கண்ணுக்குத் தெரிகிறது.

உடம்பு லேசாக இருப்பது கணக்கில்லை. மூன்று மாத சர்க்கரை அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிளினிக்கில் இருக்கிறது. அதில் வரும் எண்தான் கணக்கு.

ஆகவே, நடைமுறையில் நாம் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகர் அகர் சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம். சீனக் கடைச் சூப்பில் எப்போதாவது வரும் ஒரு துண்டுப் பாசியால் நல்ல உடல்நிலை உள்ளவருக்குக் கெடுதல் இல்லை. தினமும் சாப்பிடும் சாறு, தூள், மாத்திரை ஆகியவற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், தைராய்டு, சிறுநீரக நோயாளிகள், இரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது. விற்பனையாளர் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்தப் பாசி? ஒரு மாத்திரையில் அயோடின் எத்தனை மைக்ரோகிராம்? பதிவு எண் எங்கே? பதில் இல்லையென்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்க வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது போத்தலையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். ஏசுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். அவர்களுக்கு அது தெரிந்தால்தான் உங்கள் சிகிச்சை சரியாக நடக்கும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். கழலைக்கு அயோடினும், நெஞ்செரிச்சலுக்கும் புண்ணுக்கும் ஆல்ஜினேட்டும் பழுப்புப் பாசி நமக்குத் தந்த அமிர்தங்கள். அளந்து கொடுக்கக் கற்றதால் அவை மருந்தாயின. மற்றச் சாறுகளையும் நாளைக்கு யாராவது அளந்து, மனிதர்களிடம் சோதித்து, நிரூபித்துக் காட்டலாம். அப்படிக் காட்டும் நாளில் அவை கிளினிக்கின் வழியாகவே நம்மிடம் வந்து சேரும். அதுவரை இருக்கும் மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுவோம். கூலிப் பணத்தைப் பிள்ளைகளின் உணவுக்கும் படிப்புக்கும் செலவிடுவோம்.